பெண் பார்த்த அன்றைக்கு என் மூக்கு

அப்பாவுக்கு எதிலும் கர்த்தருடைய நோக்கம் தெரியும். பாறசாலை பஸ் கண்ணெதிரே போய்விட்டால், "நம்மள அதுல ஏத்தாததுக்கு அவருக்கு ஒரு காரியம் உண்டு" என்பார். கஞ்சி அடிப்பிடித்தாலும் காரியம் உண்டு. "கர்த்தருக்கு வேற சோலி இல்லியா?" என்று பானையைத் தேய்த்தபடி அம்மா கேட்பாள்.

அப்பாவின் தங்கையான மாமிக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு நல்ல வரன் அமைய வேண்டுமென்று தினமும் ஜெபம் நடக்கும். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு மாப்பிள்ளை, தாயாரை உட்காரவைத்துக்கொண்டு, புதுக் காரைத் தானே ஓட்டி வந்தார். செங்கல் என்கிற எங்கள் ஊர்ப்பக்கத்து ஊடுவழியில் அந்த வெள்ளைக் கார் திரும்பியபோதே அப்பா மனசுக்குள் ஆமென் சொல்லிவிட்டார்.

பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறக்கக்கூடாது என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். மூக்கைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. கையில் ஒரு குன்றிமணி இருந்தது; பார்க்க அழகாக இருந்தது; மூக்கில் இடமும் இருந்தது. உள்ளே போன குன்றிமணி திரும்பி வரவில்லை.

நான் போட்ட சத்தத்தில் மாமி தேநீர்த் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள். எடுக்கப் பார்த்ததில் அது இன்னும் மேலே போயிற்று. அப்பா மட்டும் கலங்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவ வாசல்ல காரு நிக்குது பாத்தியா? அவரு ஒண்ணையும் சும்மா செய்யமாட்டாரு."

மாப்பிள்ளையின் தாயாருக்குத் துணையாக அம்மா வீட்டில் இருந்தாள். அப்பா முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் மாமியின் மடியில் நான். மாப்பிள்ளை ஒவ்வொரு குழிக்கும் வண்டியை நிறுத்தி, யோசித்து, இறக்கி, ஏற்றினார். நான் அலறிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் வேகமா போவலாமா?" என்றாள் மாமி. அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"வேகமா போனா வண்டிக்க அடி தட்டும். பிள்ளைக்க மூக்குலேந்து ரத்தம் வருமா? சீட் கவர் புதுசாக்கும்."

அடுத்த குழியில் வண்டி குலுங்கியபோது எனக்குப் பெரிய தும்மல் ஒன்று வந்தது. குன்றிமணி தனியாக வரவில்லை. கூட வந்தவை முன் சீட்டின் முதுகிலும் மாப்பிள்ளையின் இஸ்திரி போட்ட காலரிலும் இறங்கின. அவர் வண்டியை நிறுத்தி முதலில் சீட்டைப் பார்த்தார், பிறகு காலரைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

மாமி கதவைத் திறந்தாள். "அண்ணா, எறங்குங்க. நாம நடந்து போவோம்." பிறகு அவரிடம் மரியாதையாகவே சொன்னாள்: "நீங்க வண்டியத் தொடச்சிட்டு மெள்ள வாங்க. உங்க அம்மா காத்திருப்பாவ."

வீட்டுக்குத் திரும்பி நடக்கையில் அப்பா வானத்தை ஒருதரம், வழியை ஒருதரம் பார்த்தார். கடைசியில், "இதுல கர்த்தருக்க நோக்கம் என்னன்னு எனக்கு ஒண்ணும் தெரியலை" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அன்றுதான் கேட்டேன்.

"எனக்கு மனசிலாச்சு அண்ணா" என்றாள் மாமி. புதுப் பட்டுப் புடவையின் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அப்பா எழுந்து, கைக்கு வந்த வரன் போயும் தங்கை முறுமுறுக்கவில்லை என்று சாட்சி சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மதியம் சாப்பாட்டில் மாமி, மீன் குழம்பிலிருந்து பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள். வரனைக் கெடுத்தவளுக்கு இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அது புரிவதற்கு, என்னையே பெண் பார்க்க ஒரு கூட்டம் வந்து உட்கார வேண்டியிருந்தது.