ரிஜிஸ்தர் தபால் வாங்காத மில்லுக்காரர்

தஞ்சாவூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். வருமான வரி இலாகாவுக்குக் காட்டமாகக் கடிதம் எழுதுவதில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயர் எப்படிக் கெட்டது என்பதை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

குடவாசல் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்த கோவிந்தசாமி எங்கள் கட்சிக்காரர். ஒரு வருஷம் நெல் வரத்து அமோகமாக இருக்கும் என்று நம்பி அட்வான்ஸ் டாக்ஸை அதிகமாகக் கட்டிவிட்டார். மனைவி தையல்நாயகியின் ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பணம். அந்த வருஷம் மழை கெடுத்தது, மில் பாதி நாள் ஓடவில்லை. கட்டியதில் பெரும்பகுதி ரீஃபண்டாகத் திரும்பி வர வேண்டும். மூன்று வருஷமாகியும் வரவில்லை.

ஒரு நாள் ஆபீஸுக்குள் நுழைந்தவர் உட்காரக்கூட இல்லை.

"ஆட்சியே மாறிடுச்சு சார், என் பணம் மட்டும் வரல. பொங்கல் தாண்டினா சங்கிலிய ஏலத்துல விட்டுடுவேங்கிறான் அடகுக் கடைக்காரன். வீட்டுல சோறு போடுறா, பேச மாட்டேங்கிறா."

எனக்கு ரத்தம் கொதித்தது. அதுவரை எழுதிய ஏழு நினைவூட்டல் கடிதங்களின் நகல்களோடு நேரே வரி ஆபீஸுக்குப் போனேன். ரீஃபண்ட் செக்‌ஷனில் ஓர் அம்மா இருந்தார். நான் கத்தி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபைலைத் திறந்து மூன்று பழுப்புக் கவர்களை மேஜைமேல் போட்டார். மூன்றும் கோவிந்தசாமிக்கு ரிஜிஸ்தரில் போன ரீஃபண்ட் வவுச்சர்கள். மூன்றிலும் தபால்காரர் எழுதியிருந்தார்: 'வாங்க மறுத்தார். திருப்பப்படுகிறது.'

"உங்காளுக்குப் பணம் வேணுமா வேணாமான்னு கேட்டுட்டு வாங்க சார். உங்க லெட்டருக்கெல்லாம் பதிலும் அவருக்குத்தான் ரிஜிஸ்தர்ல போட்டோம். அதுவும் அடியில கிடக்கு பாருங்க."

எனக்கு மானம் போயிற்று. திரும்பி வந்து கோவிந்தசாமியைப் பிடித்து உலுக்கினேன்.

"பணமும் அந்த மாதிரி கவர்லயா சார் வரும்? மணியார்டர்ல வரும்னுல்ல இருந்தேன்!" என்றார்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஊருக்கு ஊர் குத்தகை வழக்கு நடந்த காலம் அது. கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்தர் தபாலை வாங்கினால் கோர்ட் நோட்டீஸ் சேர்ந்துவிட்டதாக ஆகிவிடும், வாங்காவிட்டால் வழக்கு தானாக இழுத்துக்கொண்டே போகும் என்று நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை. இவருக்கும், இவருடைய மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு உழுத மாரிமுத்துவோடு தகராறு. மாரிமுத்து குத்தகைப் பணத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும் இவர் வாங்க மாட்டார். வாங்கினால் அவரைக் குத்தகைக்காரர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம், பிறகு நிலத்தைவிட்டுக் கிளப்ப முடியாதாம். தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் தெரிந்தாலே, "வேணாம், எழுதிக்க!" என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிடுவார்.

மறுபடியும் அந்த அம்மாவிடம் போய், வவுச்சரை என்னிடமே கொடுத்துவிடும்படி இந்தத் தடவை குரலைத் தாழ்த்திக் கேட்டேன். கையில் கொடுக்க ரூல் இல்லை என்றார். ஆனால் பொங்கலுக்கு முன்பே புது வவுச்சர் போட்டு அனுப்பிவிட்டு எனக்கும் தகவல் சொன்னார். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிப் போய் மில் வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

தபால்காரர் இரண்டு கவர் கொண்டுவந்தார். ஒன்று வரி ஆபீஸ், மற்றது குத்தகை வழக்கு நடக்கும் ரெவின்யூ கோர்ட். கோவிந்தசாமியின் கை பாதியில் நின்றது.

"இத மட்டும் குடுப்பா. அத வேணாம்னு எழுதிக்க."

மில்லை ஒட்டியிருந்த வீட்டுக்குள்ளிருந்து தையல்நாயகி அம்மாள் வந்தார். "ரெண்டையும் வாங்குங்க. வேணாம் வேணாம்னு சொல்லித்தான் மூணு வருஷமா என் கழுத்து மொட்டையா நிக்குது."

மனைவி மூன்று வருஷம் கழித்துப் பேசிய சந்தோஷத்தில் மனிதர் இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல் கவரில் ரீஃபண்ட். இரண்டாவதை நான் படித்துச் சொன்னேன். நிலக்காரர் வாங்க மறுப்பதால் மாரிமுத்து மூன்று வருஷக் குத்தகைப் பணத்தையும் கோர்ட்டில் கட்டியிருக்கிறார். வந்து வாங்கிக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது.

கோவிந்தசாமி மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை. சங்கிலி அந்த வாரமே வீடு வந்து சேர்ந்தது.

அதன் பிறகு, ரீஃபண்ட் வரவில்லை என்று யார் வந்தாலும் உடனே நான் டைப்ரைட்டரைத் தொட்டதில்லை. முதலில் அவர்கள் ஊர்த் தபால்காரரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.