எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்?

என் கணவரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில்தான் அவள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். ஆளாக வரவில்லை. அவர் பேச்சில் வந்தாள்.

"ஏளா, பொத்தான்ங்கது தமிழே கெடையாதாம், தெரியுமா? போர்ச்சுக்கீசியக்காரன் கொண்டுவந்த வார்த்தையாம்."

"யாரு சொன்னா?"

"ஆபீஸுக்குப் புதுசா வந்திருக்க டைப்பிஸ்ட் அம்மா."

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. பீச் ரோட்டில், கப்பல் சரக்குகளுக்கான பத்திரங்களைத் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் என் கணவர் கிளார்க். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. நான் சாயர்புரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வந்தவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அன்றைக்கு "அப்படியா" என்று விட்டுவிட்டேன். மறுநாள் சாவி வந்தது. அதற்கு அடுத்த நாள் ஜன்னல். பிறகு அலமாரி, மேசை, துவாலை. எல்லாம் போர்ச்சுக்கீசியர் நம்மிடம் விட்டுப்போன சொற்களாம். அவள் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நானூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதியைப் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி சொல்வாளாம். ஒரே வாரத்தில் என் வீட்டில் அவள் கைபடாத சாமான் இல்லை என்றாகிவிட்டது. காலையில் ஜன்னலைத் திறந்தால் அவள். அலமாரியைப் பூட்டினால் அவள். அவர் குளித்துவிட்டுத் துவாலையை உதறிக் கொடியில் போடும்போது எனக்கு வயிறு எரியும்.

அடுப்பங்கரையாவது எனக்கு மிஞ்சும் என்று நினைத்தேன். ஒரு நாள் சாளை மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"இந்த மொளகா இருக்குல்லா, இதுவும் நம்ம ஊருது கெடையாதாம். கப்பல்ல வந்ததாம். பாண்டிய ராசா சாப்பிட்ட கொழம்பெல்லாம் வெறும் நல்லமொளகுதானாம்."

"அப்பம் அந்த ராசா வீட்டுலயே போயிச் சாப்பிடுங்க" என்று சட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். அவர் சிரித்தார். நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அது எரிச்சலை இன்னும் கூட்டியது.

நியாயமாகப் பார்த்தால் அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. தப்புப் பண்ணுகிற மனுஷன் வீட்டுக்கு வந்து இப்படி ஒன்றுவிடாமல் ஒப்பிப்பானா? இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? மத்தியானம் மணி பன்னிரண்டரை ஆனால் என் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். இந்நேரம் டிபன் கேரியரைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் கட்டிக்கொடுத்த சோறு, அவள் பேச்சு.

மாதா கோயில் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். அவர்தான் கூட்டிப்போய்க் காட்டினார். அழகியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், திட்டுவதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். ஒல்லியாக, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, அவரைவிட நாலைந்து வயது மூத்தவளாக நின்றாள். கல்யாணம் ஆகாதவள். "வாங்க, ஒங்களப் பத்தி சார் நெறைய சொல்லிருக்காங்க" என்றாள். என்ன சொல்லியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. முகத்தைப் பார்த்து மயங்கியிருந்தால் ஒரு நல்ல புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து மீட்டுவிடலாம். இவர் பேச்சுக்கல்லவா மயங்கியிருக்கிறார்?

சரி, நானும் பேசுகிறேன் என்று கிளம்பினேன். கிளை நூலகத்தில் பெண்களுக்கென்று ஒரு பெஞ்சு இருந்தது. மத்தியானங்களில் அங்கே உட்கார்ந்து பழைய பைண்டு புத்தகங்களைப் புரட்டினேன். பத்து நாளில் ஒன்று மாட்டியது. நம் கடலில் முங்கி எடுக்கிற சங்கு வங்காளத்துக்குப் போகிறது. அங்கே கல்யாணப் பெண் கையில் போடுகிற வெள்ளை வளையலை அதில்தான் அறுக்கிறார்கள். சங்கு எடுக்கிற நம் ஊரில் ஒருத்தி கையிலும் அந்த வளையல் இல்லை. எனக்கே புல்லரித்துவிட்டது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லி முடித்தேன்.

"ஆமா, இத அவங்க போன வாரமே சொல்லிட்டாங்கல்லா" என்றார்.

போன வாரமே சொல்லியிருக்கிறாள். அவர் என்னிடம் சொல்லவில்லை. அப்படியென்றால் வீடுவரை கொண்டுவராமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்ட செய்திகளும் இருக்கின்றன. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும் "எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்?" என்று கேட்பாளாம். கொற்கையைக் கடல் விழுங்கிவிட்டது என்று மானேஜர் ஒருமுறை ஏதோ பெரிதாக அளந்திருக்கிறார். "இல்ல சார், கடல்தான் கொற்கைய விட்டுட்டுப் போச்சு. ஆத்து மண்ணு மேவி ஊரு உள்ள போயிட்டு. இப்பம் அங்கன வெவசாயம் பண்ணுதாங்க. நீங்க எந்தப் புஸ்தகத்துல படிச்சீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாளாம். மானேஜர் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் அவள் இறங்கிவரவில்லை. ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வராது என்று என் கணவர் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் புத்தி கெட்டது.

ஒரு நாள் காலையில் கொண்டை ஊசியை வாயில் கவ்விக்கொண்டு தலை முடிந்துகொண்டிருந்தேன். சட்டென்று தோன்றியது. ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னேன்.

"பாண்டியர் காலத்துல கொற்கையில ஒரு வழக்கம் உண்டு, தெரியுமா? சாட்சி சொல்லுதவன் வாயில ஒரு முத்த அடக்கிக்கிட்டுத்தான் சொல்லணும். பொய் சொன்னா முத்து கறுத்துப்போவும்னு நம்பிக்க."

சுத்தப் பொய். அந்த நிமிஷத்தில் என் வாயில் பிறந்தது. அவர் கண்கள் விரிந்தன. கல்யாணமான இரண்டு வருஷத்தில் என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"எங்கன படிச்ச?"

"லைப்ரரியில."

"இத அவங்ககிட்ட சொல்லணுமே!" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் இதைச் சொல்வார். அவள் எல்லார் முன்னாலும் புத்தகமும் பக்கமும் கேட்பாள். அவர் திருதிருவென்று முழிப்பார். நாளையிலிருந்து அவள் இருக்கும் பக்கமே போகமாட்டார். இதுதான் என் திட்டம். கட்டின புருஷனை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க நானே அனுப்பிவைத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை. வேலையெல்லாம் முடித்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தார். கையில் பேக்கரி மக்ரூன் பொட்டலம், முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா? ஒன் முத்து விஷயத்த எடுத்து விட்டேன். மானேஜர் விழுந்து விழுந்து சிரிக்காரு. 'எந்தப் புஸ்தகம்வே, எந்தப் பக்கம்வே'ன்னு அவங்க மாதிரியே கேக்காரு. எல்லாரும் சேந்து சிரிக்கானுவ. எனக்குக் காதெல்லாம் சூடாயிட்டு."

"அவங்க?"

"அவங்க சிரிக்கல. கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. பொறவு மானேஜரப் பாத்து, 'அவரு சொல்லுதது சரிதான். எங்க அப்பா வச்சிருந்த பழைய புஸ்தகத்துல நானே படிச்சிருக்கேன்'னாங்க. அம்புட்டுதான், அவனவன் சீட்டுக்குப் போயிட்டான்."

பொட்டலத்தை நீட்டினார். வாங்கிப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன்.

அப்படி ஒரு புத்தகத்தை அவள் படித்திருக்கவே முடியாது. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. மானேஜருக்குக்கூட வளைந்து கொடுக்காதவள், இவர் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்காமல் பொய் சொல்லியிருக்கிறாள். அதுவரை எனக்கு இருந்தது வெறும் சந்தேகம், பாதி நானே ஊதிப் பெரிதாக்கியது. இத்தனை மாதமும் நான் அவரையே கண்காணித்துக்கொண்டிருந்தேன். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

"ஏன் ஒரு மாதிரி இருக்க? தலவலியா?" என்றார். "நாளைக்கும் இதே மாதிரி ஒண்ணு சொல்லு, என்ன?"

"எனக்கு இனிமே ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அடுத்த வருஷம் அவள் வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு, அண்ணன் வீட்டோடு இருக்கப் போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர் மட்டும் அந்த முத்தை விடவில்லை. கல்யாண வீடுகளில், ரயில் பயணங்களில், பிள்ளைகளிடம், பிறகு பேரப்பிள்ளைகளிடம் சொன்னார். "சும்மா இல்ல, எங்க டைப்பிஸ்ட் அம்மாவே படிச்சிருக்காங்க" என்று முடிப்பார். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்ல வாய்வரை வரும். சொல்லாமலே அவரைக் கடைசியாக வழியனுப்பி வைத்தேன்.

நான் புளுகினேன் என்று தெரிந்தால் அவர் சிரித்திருப்பார், அதில் எனக்குப் பயமில்லை. சிரித்து முடித்த பிறகு, அப்படியானால் அவள் ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னாள் என்று யோசித்திருப்பார். அந்த யோசனையோடு அவரை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.