ஏரிக்கு ஏது அலைச் சத்தம்

செவ்வாய்க்கிழமை காலை சரக்குப் பட்டியல் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. “நம்ம கேப்டன் போய்ட்டாரு.” இஞ்ஞாசி அண்ணாச்சி திரேஸ்புரத்தில் தம் வீட்டிலேயே மாரடைப்பில் காலமாகிவிட்டார். அந்தக் ‘கேப்டன்’ என்ற சொல்லைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் கேப்டன் இல்லை. கடற்கரை ஊரான பெரியதாழைக்காரர். இளமையில் சரக்குக் கப்பல்களில் ஓடிவிட்டு, பிறகு எங்கள் கப்பல் ஏஜென்சியின் கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருந்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு கண்டெய்னர் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன். போனில் சொல்லாமல், வேகாத வெயிலில் யார்டிலிருந்து நடந்தே வந்தார். “போன்ல சொன்னா பக்கத்து சீட்டுக்காரனுக்குக் கேக்கும்லா. மெதுவா மாத்திருளா,” என்று தண்ணீர் கூடக் குடிக்காமல் போனார். சாத்தான்குளத்துக்காரியான எனக்கோ வாய் நீளம். நன்றி சொல்வதற்குப் பதில், “நடந்து வந்தா உடம்புக்கு நல்லதுதான் அண்ணாச்சி,” என்றேன். அதற்கும் சிரித்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அலுவலகத்திலிருந்து பதினாறு பேர் கொடைக்கானல் போனோம். பைன் காட்டின் வழியாக ஓர் ஏரி வரை நடந்துபோய், கரையில் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பொறுப்பு என்னுடையது. நான் செக்‌ஷன் தலைமைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது; எப்போது சறுக்குவேன் என்று நாலு பேர் காத்திருந்தார்கள்.

வழிகாட்டி முன்னால் போக, முட்டுவலிக்கார அண்ணாச்சியோடு நான் கடைசியில் நடந்தேன். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் முன்னே போனவர்கள் கண்ணில் படவில்லை. இடப்பக்கம் அலை புரள்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் அங்கேதான் என்று நான் இறங்கிவிட்டேன்.

“ஏளா எஸ்தரு, நில்லு. அது மரத்துல காத்து. ஏரிக்கு ஏது அலைச் சத்தம்?”

“நானும் கடல் பக்கத்துக்காரிதான் அண்ணாச்சி. தண்ணிச் சத்தம் எனக்குத் தெரியாதா?”

“சொன்னா கேக்கவா போற? ஒன்னத் தனியா எப்படி உட? நட, வாரேன்.”

இறங்க இறங்கச் சத்தம் தலைக்கு மேலேயே இருந்தது. ஊசி இலைச் சருகு வழுக்கி அவர் இரண்டு முறை விழுந்தார். மழையும் பிடித்துக்கொண்டது. செல்போனில் சிக்னல் இல்லை. மூன்று மணி நேரம் அலைந்து, பாதை பிரிந்த இடத்துக்கே ஏறி வந்து சேர்ந்தோம். மற்றவர்கள் ஏரிக்கரையில் சோற்றைக் கூடப் பிரிக்காமல் எங்களைத் தேடி வந்திருந்தார்கள். மேனேஜர் முகம் சிவந்து நின்றார். “யாரு வழி மாறுனது?”

நான் வாயைத் திறப்பதற்குள், “நான்தான் சார். தண்ணிச் சத்தம்னு நெனச்சு இந்தப் புள்ளையையும் இழுத்துட்டுப் போய்ட்டேன்,” என்றார் அண்ணாச்சி.

பஸ்ஸில் என்னிடம் மட்டும், “எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீசு. ஒனக்கு எம்புட்டு வருசம் கெடக்கு,” என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். எதற்கெடுத்தாலும் பேசுகிற வாய் அன்றைக்குப் பார்த்து அடைத்துக்கொண்டது.

மறுநாளே அண்ணாச்சி அலுவலகத்தில் ‘காட்டில் கப்பல் ஓட்டின கேப்டன்’ ஆகிவிட்டார். நாற்பது வருடம் வேலை பார்த்த மனிதருக்கு ரிட்டயர்மெண்ட் விருந்திலும் அந்தப் பேச்சுதான். நானும் சேர்ந்து சிரித்தேன். சீ, என்ன ஜென்மம் நான்! அடுத்த வருடச் சுற்றுலாவுக்கு அவரையும் கூப்பிடலாமா என்று பேச்சு வந்தபோது, “ஐயையோ, கேப்டன் வேண்டாம்,” என்றார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். பெட்டியில் வெள்ளைச் சட்டையோடு கிடந்தார். எங்களோடு வந்த ஒருவர் அழுதுகொண்டே, “கேப்டனுக்கு மோட்சத்துக்காவது வழி தெரியுமா?” என்றார். அண்ணாச்சியின் மனைவியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். அந்த அழுகையிலும் மைனி, “கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆளு வேணும் இவுகளுக்கு,” என்றார்கள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். “மைனி, அன்னைக்கு வழி மாறுனது நான். அண்ணாச்சி வேண்டாம்னுதான் சொன்னாவ.”

மைனி என்னையே பார்த்தார்கள்.

“கடைக்குப் போனாக்கூட வழி தெரியுமான்னு ரெண்டு வருசமா கேலி பண்ணுனேனேளா! எங்கிட்டக்கூடச் சொல்லலையே, பாவி மனுசன்.”

என்னைத் திட்டுவார்கள் என்று நின்றேன். திட்டவில்லை. பெட்டிக்குள் குனிந்து, அண்ணாச்சியின் கன்னத்தைத் தொட்டு, “என்ன மன்னிச்சிருங்க,” என்றார்கள்.

ஒரு தப்பும் செய்யாத மனுஷி கேட்ட மன்னிப்பு அது. கேட்டிருக்க வேண்டியவள் நான். அதுவும் அவர் காது கேட்டுக்கொண்டிருந்தபோது.

போய்வாருங்கள், அண்ணாச்சி. இதை வாசிக்கிறவர்கள் இனி உங்களை வழி தெரியாதவர் என்று சொல்ல மாட்டார்கள். என்னைச் சொல்லட்டும்.