ரிலேயும் இரும்புக் குழாயும்

எங்கள் தேயிலை எஸ்டேட் ஹைஸ்கூலில் ரிலே என்றால் தோட்டத்தின் மேல் டிவிஷன் பிள்ளைகளும் கீழ் டிவிஷன் பிள்ளைகளும் மோதிக்கொள்வதுதான். கைமாற்றும் கட்டையோ தண்ணீர்க் குழாயில் அறுத்த இரும்புத் துண்டு. பத்தாம் வகுப்பில் கீழ் டிவிஷனுக்குக் கடைசியாக ஓடியவள் நான். வளைவில் மேல் டிவிஷன் செல்வி என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். திரும்பிக் குழாயால் அவள் வாயில் அடித்தேன். பல் தெறித்தது. அவள் குழாயைப் பிடுங்கி என் நெற்றியைப் பிளந்தாள். மழைச் சேற்றில் கட்டிப் புரண்டோம்.

எங்களைப் பிரித்துவிட்டபோது முகமெல்லாம் சேறும் ரத்தமும் அப்பி எனக்குக் கண் தெரியவில்லை. கொழுந்துக் காட்டிலிருந்து ஓடிவந்த ஒரு பெண், "ஏ எம்மவளே!" என்று அலறி என்னை மடியில் போட்டு, தலைத்துணியால் காயத்தை அழுத்தினாள். என் முகத்துச் சேற்றைத் துடைத்ததும் திகைத்துப்போனாள். அவள் செல்வியின் அம்மா.

"எம்மா, அவதாம்மா எம் பல்ல ஒடச்சா!" என்று பின்னாலிருந்து செல்வி கத்தினாள்.

அந்தக் கை தளர்ந்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. பிறகு கை முன்னைவிட இறுகியது.

"அசையாதடி. மொதல்ல ரத்தம் நிக்கட்டும். பொறவு ஒன்னைய வச்சுக்கிடுதேன்."

மூணாறு ஆஸ்பத்திரிக்கு ஜீப் வரும்வரை கையை எடுக்கவேயில்லை. ஜீப்பில் ஏற்றிவிட்டு, சொன்னபடியே கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

இன்றும் எனக்குக் கோபம் வரும், கை ஓங்கும். அப்போதெல்லாம் நெற்றியில் செல்வி அம்மாவின் கை தளர்ந்து, மறுபடி இறுகுகிறது.