என்ஜினுக்கு ஊற்றிய குடிதண்ணீர்

எமில்டாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று கடலோர ஊரான ஆலந்தலையில் சொல்லாதவர்கள் இல்லை. அந்த வாயை நம்பித்தான் பங்குச் சாமியார் ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கை அவள் கையில் கொடுத்து, "தண்ணியப் பத்தி நாலு வார்த்தை சொல்லும்மா" என்றார். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆளா அவள்? நாட்டில் எத்தனை ஊர் தண்ணீர் லாரிக்குத் தவம் கிடக்கிறது என்று தொடங்கினாள். விளாத்திகுளம் பக்கத்துக் காய்ந்த கண்மாய்களைச் சொன்னாள். கடைசியில் சொந்த ஊர்த் தெருக்குழாய்க்கு வந்து சேர்ந்தாள். ஜனங்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த முறை குழாயில் தண்ணீர் விட்ட அன்று, அந்தக் கைதட்டல் போன இடம் தெரியவில்லை. எமில்டா வீடு இருக்கும் கடற்கரைத் தெருவில் வழக்கம்போல டிரம் டிரம்மாக நிரம்பியது. வெறுங்குடத்தோடு அவள் வாசலில் வந்து நின்றாள் ஞானபாக்கியம். எமில்டாவின் கணவன் ரெக்சனுக்கு அண்ணன் மனைவி. ஊரின் கடைசித் தெருவில் குடியிருக்கிறாள்; கடற்கரைத் தெரு பிடித்தது போக மிஞ்சினால்தான் அங்கே குழாயில் தண்ணீர் வரும்.

"மைக்குல நல்லாத்தான் பேசுன, ஏளா. எங்க குழாயில காத்துதான் வருது. ஒங்க வீட்டு என்ஜின் மட்டும் ரெண்டு டிரம் குடிக்கு."

எமில்டாவுக்குச் சுருக்கென்றது.

ஞானபாக்கியம் சொன்னது பொய்யில்லை. கடலுக்குப் போய்வந்த என்ஜினைப் படகிலிருந்து கழற்றித் தூக்கிவந்து, நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் அதன் அடிப்பகுதியை முக்கி ஓடவிடுவார்கள். உள்ளே ஏறிய உப்பு போக வேண்டுமே! ஒரு டிரம் ஓட்டி மணலில் கவிழ்ப்பார்கள். மறுபடி நிரப்பி ஓட்டி, அதையும் கவிழ்ப்பார்கள். கரையிலிருந்த அத்தனை படகுக்காரர்களுக்கும் இதே பழக்கம். கோவிலில் முதல் ஆளாகக் கைதட்டிய ரெக்சனும் இதில் ஒருவன்.

அன்று சாயங்காலம் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது எமில்டாவுக்கு யோசனை வந்தது. முதல் சட்டித் தண்ணீர் கலங்கினால் கொட்டிவிட்டு, இரண்டாம் சட்டித் தண்ணீரை அதில் மாற்றிக்கொண்டு, இரண்டாம் சட்டியில் மட்டும் புதுத் தண்ணீர் ஊற்றுவது அவள் வழக்கம். என்ஜினுக்கு மட்டும் அது ஏன் கூடாது?

"என்ஜின் என்ன சாளை மீனா?" என்று சீறினான் ரெக்சன். "உப்பு உள்ள தங்கிச்சின்னா ஜாம் ஆயிரும். பெறவு ரெண்டு பேரும் அந்த மைக்கப் பிடிச்சிக்கிட்டு ஒக்கார வேண்டியதுதான்."

"இன்னைக்கி ரெண்டாவது ஓட்டுன தண்ணிய நாளைக்கி முதல்ல ஓட்டுங்க. கடைசியில புதுத் தண்ணியிலதான ஓட்டப் போறீங்க? உப்பு எப்படித் தங்கும்?"

ரெக்சன் முறைத்துப் பார்த்தான். ஆனாலும் மறுநாள் அப்படியே செய்தான்.

வீராப்பாகப் பேசினாளே தவிர, எமில்டாவுக்கு உள்ளூர உதறல்தான். அந்த என்ஜின் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. காலையில் ரெக்சன் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கும்போதெல்லாம் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொள்வாள். "ரெக்சன் என்ஜினுக்குப் பழைய கஞ்சி ஊத்துதான்" என்று கரையில் கேலி வேறு.

சர்வீஸ் நாளில் மெக்கானிக் கிங்ஸ்டன் கரையிலேயே சாக்கு விரித்து என்ஜினைப் பிரித்தான். கேலி பேசியவர்கள் சுற்றி நின்றார்கள். தண்ணீர் ஓடும் வழியில் விரலை விட்டுத் தடவினான். டார்ச் அடித்துப் பார்த்தான்.

"உப்பு ஒண்ணும் அடையல அண்ணாச்சி. எப்பவும் போலத்தான் இருக்கு."

எமில்டா மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அத்தனை ஆண்கள் பார்க்கிறார்களே என்கிற வெட்கம்கூட அவளுக்கு இல்லை. அந்த வாரமே பக்கத்துப் படகுக்காரர்கள் பழைய தண்ணீரை மூடிவைக்கத் தொடங்கினார்கள்; மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

பிறகு ஒருநாள், குழாயில் தண்ணீர் விட்ட கொஞ்ச நேரத்தில், ஞானபாக்கியம் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"ஏளா எமில்டா! ஓடியா! தண்ணி வீணாப் போவுது!"

கடைசித் தெருவில் குடம், அண்டா, வாளி எல்லாம் நிரம்பி வழிந்தன. தண்ணீரே வராத குழாய்க்கு மூடித் திறக்கும் திருகு எதற்கு என்று அங்கே யாரும் மாட்டவே இல்லை. திறந்த வாய் வழியாகக் கொட்டிய தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. எமில்டா மண்டியிட்டுக் குழாயை உள்ளங்கையால் அழுத்தி அடைத்தாள். விரலிடுக்கில் பீய்ச்சிய தண்ணீர் அவள் முகத்தில் அடித்தது. ஞானபாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதிய அக்கா! அவுகளப் போயி ஒரு குழாய்த் திருகு வாங்கியாரச் சொல்லுங்க!"

ரெக்சன் திருச்செந்தூருக்குப் போய்த் திருகோடு திரும்பி வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.