எண்ணிக் கொன்ற புழுக்கள்

எழுபதுகளின் பிற்பகுதியில் திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வாடகை வீட்டின் பின்புறம் பத்தடிக்குப் பன்னிரண்டடி மண் இருந்தது. ஆடியில் என் மனைவி அங்கே அவரைக்கொட்டை ஊன்றிப் பந்தல் போட்டாள். பதினோரு விதைகள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தவை; பட்டையான, ஓரம் சிவந்த காய். அம்மா போன பிறகு அண்ணன்கள் நிலம் முழுக்க மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டுவிட்டார்கள். பந்தலில் நாலு காய் முற்றி விதையானால்தான் அந்த ரகம் உண்டு. இது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஐப்பசியில் பூங்கொத்துகளில் சாறு உறிஞ்சும் கறுப்புப் பேன் அடைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பூச்சிமருந்துத் தூளை நீட்டினார். சாப்பிடுகிற காயில் விஷம் போட மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமை. காலைப் பனி காய்வதற்குள் சாம்பல் தூவினேன். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து, துணியில் வடிகட்டி, துளி சோப்புக் கரைத்துத் தெளித்தேன். பேன் குறைந்தது. தெளித்ததை மழை கழுவிக்கொண்டு போகும், மறுபடி தெளிப்பேன். எல்லாம் டைரியில் இருக்கிறது.

கார்த்திகை பிறந்ததும் புதிதாக ஒரு புழு வந்தது. அரிசி நீளம், கறுப்பு உடம்பு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளி, ஆறு கால். ஒவ்வொன்றாகப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டேன். காலை முப்பத்தெட்டு, மாலை இருபத்தொன்று.

"என்னாங்க, அத்த கொல்லாதீங்க," என்றாள் மனைவி. "அது பேனத்தான் துன்னுது. எங்க வூட்ல அது வந்தா யாரும் பந்தல் பக்கமே போவ மாட்டாங்க."

"இலை மேல ஊர்றது இலையத் துன்னாம உன்னையா துன்னும்? போய் வேலையப் பாரு."

பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரு பூச்சிக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்கறாரு போல!"

என் மனைவி சிரிக்கவில்லை.

ஏழு நாள் பொறுக்கினேன். எட்டாம் நாள் ஒன்றும் அகப்படவில்லை. 'புழு ஒழிந்தது' என்று எழுதினேன். பிறகு கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டத்துக்காக அலுவலகத்தில் ஓயாத வேலை. நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது தண்டே தெரியாமல் பேன் அப்பியிருந்தது. சாம்பலோ வேப்பங்கரைசலோ எடுபடவில்லை. பூ கருகிக் கொட்டியது. ஒரு காய்கூட முற்றவில்லை. அவளே கொடியை அறுத்து, பந்தல் கழிகளை அவிழ்த்து அடுப்பில் வைத்தாள். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மழையைக் குறை சொல்லியிருப்பேன். பதில் தயாராக இருந்தது.

எட்டு ஒன்பது வருடம் கழித்து, ஒரு விவசாயிகள் கூட்டத்துக்குக் கோப்புகளோடு போனேன். வேளாண் அதிகாரி ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். அதே புழு. பொறிவண்டின் குஞ்சு அது, பேன்களைத் தின்று செடியைக் காப்பாற்றும், தயவுசெய்து கொல்லாதீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்று வாயில் வரவில்லை. ஒரு தகவலாகத்தான் சொன்னேன்.

"ஆபீசரே சொல்லிட்டாரா? அப்போ நெசமாத்தான் இருக்கும்," என்றாள். அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

கூட்டத்தில் கொடுத்த அவரை விதைப் பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்தேன். பிரித்துப் பார்த்தாள்.

"இது எங்க வூட்டு அவரை இல்ல. உங்களுக்குத்தான் மீட்டிங் போட்டுச் சொல்ல ஆளு இருக்காங்களே, நீங்களே போட்டுக்குங்க."

நான் போடவில்லை. பொட்டலம் அலமாரியிலேயே கிடந்தது. ஆறு மாதத்தில் வண்டு துளைத்து விதை மாவாகிவிட்டது. இருவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.