அண்ணி பெருக்கிய விமானம்

எங்கள் அண்ணியோடு விடுமுறைக்குக் கிளம்பினால் கடலும் கிடையாது, மலையும் கிடையாது. பழைய விமானங்களை நிறுத்தி வைத்திருக்கும் மியூசியம்தான். ஊரில் எல்லாரும் அருவியில் குளித்த போட்டோவைக் காட்டுவார்கள். எங்கள் வீட்டு ஆல்பத்தைத் திறந்தால் அண்ணன் தலைக்கு மேல் ஒரு இறக்கை, என் தலைக்கு மேல் ஒரு சக்கரம். அண்ணி மட்டும் எந்தப் படத்திலும் கேமராவைப் பார்க்கமாட்டார். பின்னால் நிற்கும் விமானத்தின் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

விமானத்தில் அப்படி என்ன மோகம் என்று கேட்காதவர்கள் இல்லை. மோகமுமில்லை, மண்ணுமில்லை. அண்ணி இருபது வருஷத்துக்கு மேல் விமானம் பெருக்கியவர். ராத்திரி கடைசி விமானம் வந்து இறங்கி ஆட்கள் போனதும், பின்பக்கப் படி வழியாக இவர்கள் கூட்டம் ஏறும். சீட்டுப் பையில் கிடக்கும் குப்பையை எடுப்பது, தட்டுப்பலகையைத் துடைப்பது, தலை சாயும் இடத்துத் துணியை மாற்றுவது, கம்பளத்தை மெஷினால் உறிஞ்சுவது. எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு சீட்டின் பெல்ட்டையும் குறுக்காக மடித்து வைக்க வேண்டும். குறுக்கு பெல்ட் இருந்தால் அந்த சீட் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். அண்ணிக்கு அது விமானமே இல்லை, 'வண்டி'. "இன்னைக்கு நம்ம வண்டி லேட்டு" என்பார், என்னவோ இவர்தான் ஓட்டிக்கொண்டு வருகிற மாதிரி.

அவர்களுடைய சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். விசிலடித்துக்கொண்டே நடப்பதால் அவருக்கு விசில் என்றே பெயர். விசிலின் சட்டம் ஒன்றே ஒன்று. சீட்டு டிக்கெட் வாங்கினவனுக்கு, பெருக்குகிறவள் உட்காரக் கூடாது. செருப்பு வார் அறுந்தால்கூட நின்றபடியேதான் சரிசெய்ய வேண்டும். கால் வலிக்கிறது என்று ஒருத்தி சீட்டின் கைப்பிடியில் சாய்ந்தாள், மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அண்ணி சீட்டைப் பார்த்தாலே ஒரு அடி தள்ளி நிற்பார்.

"நாங்க ஏறும்போது சீட்டெல்லாம் சூடா இருக்கும் பாப்பா" என்று ஒரு நாள் சொன்னார். "எல்லாரும் உக்காந்து எழுந்து போன சூடு. அது ஆறதுக்குள்ள துடைச்சிடுவேன். அந்த ஜன்னலோர சீட்டுல ஒரே ஒரு தடவை நானும் உக்காந்து பாக்கணும்."

பாப்பா என்பது நான்தான். மூன்றாம் வகுப்பில் நான் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கல்யாணம் செய்து அவரைக் கூட்டி வந்தார். அம்மா இல்லாத வீடு. அண்ணன் பஸ் ஓட்டினார், அந்தச் சம்பளம் எண்ணெய் வாங்கினால் சோப்புக்கு இல்லை. அதனால்தான் அண்ணி வேலைக்குப் போனார், நானும் படித்தேன். இன்று மின்சார பில் கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு ஊரையே அதட்டுகிறேன் என்றால் அது அண்ணி ராத்திரியெல்லாம் நின்றுகொண்டே உழைத்ததில் வந்தது. ஐம்பது வயதாகியும் நான் பாப்பாதான்.

என் சின்ன வயது ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை என்னால் மறக்கவே முடியாது. ராத்திரி வேலை முடிந்து அண்ணி வருவதற்குள் நான் முன்னறையில் நான்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்திருப்பேன். ஜன்னலோர நாற்காலி அண்ணிக்கு. பெல்ட்டுக்கு அண்ணனுடைய இடுப்பு பெல்ட். "பயணிகள் கவனத்துக்கு!" என்று மூக்கால் ஒரு அறிவிப்பு. அண்ணி கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, மறுபேச்சில்லாமல் வந்து உட்காருவார். நான் தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒய்யாரமாகத் திரும்பி வருவதற்குள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். எனக்கு வரும் பாருங்கள் கோபம்! மத்தியானம் கண் விழித்ததும் ஒன்றும் நடக்காதது போல, "எறங்கிட்டோமா பாப்பா?" என்பார்.

"இன்னும் கெளம்பவே இல்ல! போங்க அண்ணி, உங்களோட காய்!"

எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை காய். எங்கள் விமானம் ஒரு தடவையாவது தரையை விட்டுக் கிளம்பியிருந்தால்தானே. அண்ணி சமாதானத்துக்கு வந்தால் அவர் கைப்பையிலிருந்து குட்டி சர்க்கரைப் பொட்டலம் வரும், யாரும் பிரிக்காமல் விட்டுப்போனது. எங்கள் வீட்டு டீ அந்தச் சர்க்கரையில்தான் இனித்தது. வகுப்பில் அதைக் காட்டி நான் அடித்த பெருமைக்கு அளவே இல்லை.

அப்புறம் அந்த நகப்பூச்சு விவகாரம். பத்தாம் வகுப்பில் சேர்த்து வைத்த காசில் ஒரு சிவப்பு நகப்பூச்சு வாங்கினேன். இரண்டே நாளில் சீசா காலி. வீட்டை இரண்டாக்கிவிட்டேன். கடைசியில் அண்ணி பின்கட்டுக்குக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார். மெஷின் குழாய் இடித்து, விமானத்தின் உள்பக்கம், இறக்கைக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலுக்குக் கீழே ஓடும் சிவப்புக் கோட்டில் ஒரு கை நீளத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்துவிட்டதாம். விசில் பார்த்தால் சீட்டு கிழியும் என்று, என் நகப்பூச்சை எடுத்துப் போய்ப் பூசிவிட்டாராம்.

"ஒட்டிச்சா அண்ணி?"

"கொஞ்சம் பளபளன்னு இருக்கு. ஆனா யாருக்கும் தெரியல."

அதற்குப் பிறகு அண்ணிக்கு அந்த வண்டிமேல் தனிப் பாசம். அந்த ஜன்னலோர சீட்டுதான் அவர் கண் வைத்த சீட்டு. பிறகு அந்த விமானங்களெல்லாம் பழசாகி விற்கப்பட்டன, அண்ணியும் ஓய்வு பெற்றார். அண்ணியின் மகன் தனக்கு வேலை கிடைத்ததும் டிக்கெட் அனுப்பி அம்மாவை விமானத்தில் ஏற்றினான். போய்விட்டு வந்தவரை, "எப்படி இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது வேற யாரோ பெருக்கின வண்டி" என்று சொல்லிவிட்டார். வழியெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் சிந்திய பிஸ்கட் தூளைப் பொறுக்கிக்கொண்டே போனாராம்.

ஆக, நம்ம வண்டியைத் தேட ஆரம்பித்தோம். முதல் மியூசியத்தில் ஒற்றை ஆள் ஓட்டும் சண்டை விமானங்கள். "இதுல பெருக்க என்ன இருக்கு" என்று அண்ணி திரும்பிவிட்டார். இன்னொன்றில் முன்பாதியை மட்டும் வெட்டி வைத்திருந்தார்கள். அங்கே வாசலில் நின்று அண்ணி கண் கலங்கியதைப் பார்த்து, "பஸ்ஸை யாராச்சும் இப்படி வெட்டுவானா?" என்று அண்ணன் ஆறுதல் சொன்னார்.

இந்த வருஷம் கூட வேலை பார்த்த தோழி ஒருவர் போன் செய்தார். நம்ம வண்டி ஒன்று இன்ன மியூசியத்தில் நிற்கிறது, உள்ளே ஏறவும் விடுகிறார்கள் என்று. அண்ணிக்கு முழங்கால் தேய்ந்துபோய் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. டாக்டர் படியே ஏறக் கூடாது என்கிறார். "இப்ப விட்டா இனிமே நான் ஏறவே மாட்டேன் பாப்பா" என்றார். அவ்வளவுதான், நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

போய்ப் பார்த்தால் விமானத்துக்கு வெளியே புதுச் சாயம் அடித்து, பதிவு எண்ணையும் அழித்திருந்தார்கள். "இதா, அதான்னு தெரியலையே" என்று அண்ணி தடுமாறினார். அண்ணன் பைகளோடு நிழலில் உட்கார்ந்துவிட்டார். நான் பின்னாலிருந்து தாங்க, ஒவ்வொரு படியாக மூச்சு வாங்கி அண்ணி ஏறினார். உள்ளே கால் வைத்ததும் மூச்சை இழுத்து வாசம் பிடித்தார். "கம்பளம் மாத்தலை" என்றார்.

நடுவழியில் மட்டும்தான் போகலாம். இரண்டு பக்கமும் சீட்டுகளை மறித்துக் கயிறு கட்டி, 'உட்காரக் கூடாது' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு அங்கேயே ரத்தம் கொதித்தது. அண்ணி அதைக் கவனிக்கவில்லை. இறக்கை தாண்டியதும் கயிற்றுக்கு மேலாக எட்டிப் பார்த்து என் கையைப் பிடித்தார். ஜன்னலுக்குக் கீழே சிவப்புக் கோடு மங்கி வெளிறிப்போயிருந்தது. அதில் ஒரு கை நீளத்துக்கு மட்டும் என் நகப்பூச்சு இன்னும் பளபளத்தது.

"பாப்பா..." என்றார்.

அங்கே காவலுக்கு ஒரு பெண் நின்றிருந்தாள், என் மகள் வயதிருக்கும். "ஒரு நிமிஷம் இவங்க அந்த சீட்டுல உக்காரணும்மா" என்று கேட்டேன்.

"முடியாதுங்க. கயித்துக்கு அந்தப் பக்கம் வேலை செய்யறவங்க மட்டும்தான் போகலாம்."

நான் சும்மா விடுவேனா? கவுன்டரில் பழகின வாய். "பழைய சீட்டு என்ன கரைஞ்சா போயிடும்? இவங்க இந்த ப்ளேனை எத்தனை வருஷம் பெருக்கினாங்க தெரியுமா?" என்று ஒரு பிடி பிடித்தேன். அந்தப் பெண்ணின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"விடு பாப்பா. சொன்னா சொன்னதுதான்" என்றார் அண்ணி. எந்தக் காலத்திலும் அவர் இப்படித்தான், எனக்கு வருகிற கோபத்தில் கால்வாசி அவருக்கு வந்திருந்தால் நாங்கள் எங்கேயோ இருந்திருப்போம். ஆனால் அவர் கை மட்டும் சும்மா இல்லை. கயிற்றுக்கு மேலாகக் குனிந்து, தரையில் தொங்கிய ஒரு பெல்ட்டை எடுத்துக் குறுக்காக மடித்து வைத்தார். அடுத்ததையும் எடுத்தார்.

"தொடாதீங்கம்மா" என்றபடி வந்த பெண், மடித்து வைத்த சீட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். மற்ற பெல்ட்டுகளெல்லாம் அவிழ்ந்த தாம்புக்கயிறு மாதிரி கிடந்தன.

"எல்லா வரிசையும் இப்படிப் பண்ணிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றைக் கழற்றினாள்.

அண்ணிக்கு முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. முன்வரிசையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சீட்டாக வந்தார், கைக்குட்டையால் ஒரு தட்டு, பெல்ட்டை ஒரு மடி. நானும் எதிர்ப்பக்கம் செய்தேன். "இழுத்து வை, தொங்குது பாரு" என்று என்னை விரட்டவும் செய்தார். முடித்துவிட்டு, பழைய பழக்கத்தில் நடுவழிக்கு வந்து ஒரு அடி தள்ளி நின்றார்.

"முடிஞ்சுதாம்மா?" என்றாள் அந்தப் பெண். "வேலை செஞ்சவங்க கொஞ்சம் உக்காந்துட்டுப் போகலாம்."

அண்ணி அசையவில்லை. கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்றார். பாவி விசில், அவன் போய்ச் சேர்ந்தே பல காலமாயிற்று.

"இங்க நான்தாம்மா சூப்பர்வைசர். உக்காருங்க."

அண்ணி உள்ளங்கைகளை உடையில் துடைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து ஜன்னலோரம் போனார். முதலில் நுனியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். தானே மடித்த பெல்ட்டைப் பிரித்து இடுப்பில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டேன். வெட்கத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, "பயணிகள் கவனத்துக்கு!" என்று மூக்கால் அறிவித்தேன். காவல் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணிக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று குனிந்து பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திரும்பினேன்.

தூங்கிவிட்டார். நகப்பூச்சுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அதே குறட்டை.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. படியேறி வந்த ஒரு குடும்பத்தை, "சத்தம் போடாம போங்க, ஆள் தூங்கறாங்க" என்று அதட்டி அனுப்பினேன். அண்ணன் போனில் கூப்பிட்டு, எவ்வளவு நேரம் என்று கேட்டார். வருவோம், பேசாமல் உட்காரு என்று வைத்துவிட்டேன். காவல் பெண் அடுத்த கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்தாள்.

வெகுநேரம் கழித்து அண்ணி பாதிக் கண் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்ததோ இல்லையோ.

"எறங்கிட்டோமா பாப்பா?"

"இல்ல அண்ணி, இன்னும் மேலதான் இருக்கோம்" என்றேன். "நீங்க தூங்குங்க."